கோஹார்ட் ஆய்வு என்று செய்தி வந்தால் எதைப் பார்த்து நம்புவது?

நீலவானம்:

எல்லோருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். கோஹார்ட் ஆய்வுக்குப் பாடத்தில் உள்ள வரையறை மனப்பாடம் ஆகிவிட்டது: நோய் இன்னும் வராத ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வது, ஒரு பழக்கம் இருப்பவர்கள், இல்லாதவர்கள் என்று பிரிப்பது, பிறகு யாருக்கு நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது. தேர்வுக்கு இது போதும். ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு செய்தியைக்கூட எடைபோட முடியவில்லை.

காபி குடிப்பவர்கள் அதிக நாள் வாழ்வதாக ஒரு செய்தி படித்தேன். கோஹார்ட் ஆய்வு, லட்சக்கணக்கான பேர், பல வருடம் பின்தொடர்ந்தார்கள் என்று இருந்தது. இவ்வளவு பேரைப் பார்த்துச் சொன்னால் நம்ப வேண்டியதுதானே? கீழே ஒருவர் "இது வெறும் தொடர்பு, காரணம் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படியானால் இத்தனை செலவு செய்து எதற்கு இந்த ஆய்வு? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

எண்ணிக்கையாளர்:

நல்ல கேள்வி. நோய்ப்பரவியல் தரவுகளில்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வரையறையில் "பின்தொடர்வது" என்பதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியம், பழக்கத்தை எப்போது பதிவு செய்தார்கள் என்பது. நோய் வருவதற்கு முன்பே பதிவாகிவிட்டது. கோஹார்ட்டின் பலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

புகையிலைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950இல் வெளியிட்டது கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு, அதாவது நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கேட்பது. லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களையும், வேறு நோய்க்காகச் சேர்ந்தவர்களையும் தேடிப் பிடித்து, முன்பு எவ்வளவு புகைத்தீர்கள் என்று கேட்டார்கள். தொடர்பு பளிச்சென்று தெரிந்தது. உடனே எதிர்ப்பும் வந்தது. நோயாளி தன் நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர், அதனால் கூட்டிச் சொல்லியிருக்கலாம். கேட்டவரும் நோயாளியிடம் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

1951இல் இருவரும் வேறு வழியில் போனார்கள். பிரிட்டனில் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கெல்லாம் ஒரு சிறிய கேள்வித்தாளை அனுப்பினார்கள். 40,000க்கும் மேற்பட்டோர் பதில் போட்டார்கள். அதற்குப் பிறகு காத்திருந்தார்கள், அவ்வளவுதான். மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, இறந்தால் தகவல் கிடைத்துவிடும். 1954இல் வந்த முதல் அறிக்கையில் நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஆண்கள் 36 பேர். அத்தனை பேரும் புகைத்தவர்கள்.

இங்கே அவசரப்படக் கூடாது. அந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் புகைத்தவர்கள்தான். ஏறக்குறைய எட்டில் ஒருவர்தான் புகைக்காதவர். அதனால் "36 பேரும்" என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, புகைத்த அளவு படிப்படியாகக் கூடக் கூட இறப்பு விகிதமும் படிப்படியாகக் கூடியதுதான். ஞாபகக் குறை என்று இதைத் தள்ள முடியாது, ஏனென்றால் பதில் சொன்ன அன்று யாருக்கும் யார் சாகப் போகிறார்கள் என்று தெரியாது. அதே மருத்துவர்களை 50 ஆண்டு பின்தொடர்ந்து 2004இல் வந்த அறிக்கை, தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள் என்றது. 60 வயதில் நிறுத்தியவர்களுக்கு 3 ஆண்டும், 50இல் 6, 40இல் 9, 30இல் 10 ஆண்டும் திரும்பக் கிடைத்தன. இந்த எண்களை, யார் எந்தக் குழு என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கும் குலுக்கல் முறைச் சோதனையில் பெற முடியுமா? பாதிப் பேரை 50 வருடம் புகைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு லாபம்: ஒரே கூட்டத்தில் எத்தனையோ நோய்களைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் இதய நோய் பற்றிய ஆய்வு 1948இல் 5,209 பேரோடு தொடங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என்று இன்று எல்லோரும் பேசும் "ஆபத்துக் காரணி" என்ற கருத்தே 1961இல் அவர்கள் எழுதிய கட்டுரையால்தான் பரவியது. ஆனால் லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயைக் கோஹார்ட்டில் தேடினால் காத்திருந்தே காலம் போய்விடும். அதற்குக் கேஸ்-கன்ட்ரோல்தான் சரி.

கடலோடி:

சார், நீங்கள் வெற்றிக்கதையை மட்டும் சொல்லிவிட்டீர்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய செவிலியர் ஆய்வில் 1,21,700 பெண்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவு என்று அதில் தெரிந்தது. வேறு ஆய்வுகளும் அதையே சொல்லின. மருத்துவர்கள் இதயத்தைக் காப்பாற்றும் என்று சொல்லியே ஹார்மோன் எழுதிக்கொடுத்தார்கள். பிறகு 16,608 பெண்களை வைத்துக் குலுக்கல் முறைச் சோதனை நடந்தது. யாருக்கு ஹார்மோன், யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. 2002இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இதய நோய் குறையவில்லை, 29 சதவீதம் கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடின.

பீட்டா கரோட்டினும் இதே கதை. அது அதிகமுள்ள காய்கறி, பழம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கோஹார்ட்டுகள் சொல்லின. பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்.

பழக்கத்தை நோய்க்கு முன்பே பதிவு செய்துவிட்டோம் என்பதால் என்ன பயன்? அந்தப் பழக்கம் உள்ளவர்கள் வேறு நூறு விஷயங்களிலும் வேறுபட்டவர்கள். நடுவில் அந்த மாத்திரைகளை விழுங்கியவர்கள் உண்மையான மனிதர்கள். அதனால்தான் எனக்கு இது வெறும் பாடப்புத்தகக் கேள்வியாகத் தெரியவில்லை.

எண்ணிக்கையாளர்:

கடலோடி சொன்னதில் ஒரு எண்ணையும் மறுக்க மாட்டேன். எங்கள் துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய சம்பவம் அது. ஆனால் "கோஹார்ட் பொய் சொன்னது" என்று நிறுத்திவிட்டால், ஏன் தவறியது என்பது கையை விட்டுப் போகிறது.

முதல் காரணம் நீங்கள் சொன்னதுதான். ஹார்மோன் எடுத்த பெண்கள் பொதுவாக வசதியும் படிப்பும் கூடியவர்கள், மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள். குழப்பக் காரணி என்று பாடத்தில் வருவது இது.

இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆய்வில் "ஹார்மோன் எடுப்பவர்" என்று கணக்கில் வந்தவர்களில் நிறையப் பேர் ஏற்கனவே சில காலமாக எடுத்துக்கொண்டிருந்தவர்கள். தொடங்கிய சில மாதங்களிலேயே மாரடைப்பு வந்தவர்களும், ஒத்துக்கொள்ளாமல் விட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இல்லை. தாங்கி நின்றவர்களைத்தான் எண்ணியிருக்கிறார்கள். 2008இல் அதே செவிலியர் தரவை எடுத்து, ஒவ்வொரு பெண்ணும் ஹார்மோன் தொடங்கிய கட்டத்திலிருந்து, சோதனையில் எண்ணுவது போலவே எண்ணிப் பார்த்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆபத்து கூடுவது அந்தத் தரவிலேயே தெரிந்தது. சோதனையில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63, செவிலியர்கள் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற உடனே தொடங்கியவர்கள்; அந்த வேறுபாடும் சேர்ந்துகொண்டது. ஆக, தரவு ஊமையாக இல்லை. கடிகாரத்தைத் தவறான இடத்தில் ஓடவிட்டிருந்தார்கள்.

அதோடு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய், இடுப்பெலும்பு முறிவு ஆகியவற்றில் கோஹார்ட்டும் சோதனையும் ஒரே திசையைத்தான் காட்டின. இதை யாரும் சொல்வதில்லை.

நீலவானத்துக்கு ஒரு குறிப்பு: அந்த 29 சதவீதம் என்பது ஆண்டுக்கு 10,000 பெண்களில் 7 பேருக்குக் கூடுதலாக இதய நோய். இரண்டும் உண்மை. ஒரு மருந்தைப் பல லட்சம் பேர் எடுத்தால் அந்த 7 சிறிய எண் அல்ல; ஒரு தனிப்பட்ட பெண் தன் முடிவை எடுக்கும்போது சதவீதத்தை மட்டும் சொன்னால் அவரைப் பயமுறுத்தத்தான் முடியும். எந்தச் செய்தியிலும் ஒப்பீட்டு ஆபத்து (அந்த 29 சதவீதம் போல) மட்டும் இருந்தால், அடிப்படை எண்ணை (10,000இல் எத்தனை பேர் என்று) தேடிப் பாருங்கள்.

சாந்திமலர்:

இரண்டு பேரும் தரவு கைக்கு வந்த பிறகு நடப்பதைப் பேசுகிறீர்கள். நான் அதைச் சேகரிக்கும் இடத்தில் இருக்கிறேன், தாய்-சேய் ஆய்வு ஒன்றில் களப்பணி. பின்தொடர்வது என்று எழுதுவது சுலபம். வீடு மாறுவார்கள், எண் மாறும், குடும்பத்தில் பிரச்சினை வரும், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஆய்வு நிலையத்துக்கு வர நேரம் இருக்காது. நன்றாக இருப்பவர்கள் ஒழுங்காக வருவார்கள். நாங்கள் அதிகம் பார்க்க வேண்டியவர்கள்தான் முதலில் காணாமல் போகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இது கற்பனை எண்தான். பழக்கம் உள்ள 1,000 பேரில் 50 பேருக்கு நோய், இல்லாத 1,000 பேரில் 25 பேருக்கு. இரண்டு மடங்கு ஆபத்து. இப்போது முதல் குழுவில் நோய் வந்த 50 பேரில் பாதிப் பேர் தொடர்பில் இல்லை என்று வையுங்கள். நம் கையில் இருப்பது 975 பேரில் 25, மறுபக்கம் 1,000 பேரில் 25. ஆபத்து கிட்டத்தட்ட மறைந்தே போய்விட்டது. விட்டுப்போனவர்கள் மொத்தத்தில் வெறும் 25 பேர்! "98 சதவீதத்துக்கு மேல் பின்தொடர்ந்தோம்" என்று பெருமையாகக்கூட எழுதலாம்.

அதனால் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் குழுவிலிருந்து, என்ன நிலையில் இருந்தவர்கள் விட்டுப்போனார்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதாத ஆய்வை நான் பாதிதான் நம்புவேன். ஒரு தாயை மறுபடி கண்டுபிடிக்க நாங்கள் அலைவது வீம்புக்காக அல்ல.

வழிப்போக்கன்:

அருமையான இழை. சாந்தி அக்கா போட்ட கணக்கை என் வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன், அனுமதி உண்டா?

ஒரு சந்தேகம். கோஹார்ட் என்றாலே 20, 30 வருடம் காத்திருக்க வேண்டுமா? பழைய பதிவேடுகளை வைத்துச் செய்வதும் கோஹார்ட்தான் என்கிறார்கள். பின்னோக்கிப் பார்த்தால் அது கேஸ்-கன்ட்ரோல் ஆகிவிடாதா?

எண்ணிக்கையாளர்:

இங்கே நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஆய்வாளர் எந்த வருடம் வேலையைத் தொடங்கினார் என்பது வேறு, குழுவை எதை வைத்துப் பிரித்தார் என்பது வேறு. பழக்கத்தை வைத்துப் பிரித்து, நோயை நோக்கிப் போனால் கோஹார்ட். நோயை வைத்துப் பிரித்து, பழக்கத்தைத் தேடிப் போனால் கேஸ்-கன்ட்ரோல். முதலாவதைப் பழைய ஏட்டில் வைத்தும் செய்யலாம்.

1854இல் லண்டன் காலராவில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செய்தது கிட்டத்தட்ட அதுதான். தெருக்குழாய் ஒன்றின் கதைதான் பிரபலம், ஆனால் அவருடைய பெரிய வேலை வேறு. இரண்டு குடிநீர் நிறுவனங்களின் குழாய்கள் ஒரே தெருக்களில் ஓடின, அடுத்தடுத்த வீடுகளுக்கு வெவ்வேறு தண்ணீர். சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் நிறுவனம் தேம்ஸ் நதியின் அசுத்தமான பகுதியிலிருந்து எடுத்தது. லாம்பெத் நிறுவனம் தன் உறிஞ்சும் இடத்தை மேல்நீரோட்டத்துக்கு மாற்றியிருந்தது. முதல் நிறுவனத்தின் 40,046 வீடுகளில் 1,263 மரணம், இரண்டாவதின் 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு 315, 37. ஏழை, பணக்காரர் இரண்டு பக்கமும் கலந்திருந்ததால், கடலோடி கேட்கும் "நூறு வேறு வேறுபாடுகள்" அங்கே பெரிதாக இல்லை.

இன்னொன்று இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர். 1911 முதல் அங்கே குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் ஏட்டில் எழுதி வைத்திருந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற ஆய்வாளரின் குழு அந்த ஏடுகளை எடுத்து, அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி எப்படி இறந்தார்கள் என்று தேடியது. 5,654 ஆண்களைப் பற்றி 1989இல் வந்த கட்டுரையில், ஒரு வயதில் எடை மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் மரணம் மிக அதிகம் என்று தெரிந்தது. எடை போட்ட அன்று இப்படி ஒரு கேள்வி யார் மனதிலும் இல்லை, அதனால் எழுதியவர் சாய்த்து எழுதியிருக்க வழியே இல்லை. ஆனால் ஏட்டில் இருப்பதுதான் கிடைக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து புகைத்ததா என்று ஏடு சொல்லாது.

கடலோடி:

கடிகாரம் பற்றிச் சொன்னீர்கள் சார், அதற்கு இன்னும் தெளிவான ஓர் உதாரணம் சேர்க்கிறேன். ஆஸ்கர் வென்ற நடிகர்கள், வெல்லாத நடிகர்களைவிட 3.9 ஆண்டு அதிகம் வாழ்கிறார்கள் என்று 2001இல் ஒரு கட்டுரை வந்தது. பெரிய செய்தி ஆனது. பெருமை ஆயுளைக் கூட்டுகிறது என்றெல்லாம் எழுதினார்கள்.

யோசித்துப் பாருங்கள். 60 வயதில் விருது வாங்க வேண்டுமானால் 60 வயது வரை உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த 60 ஆண்டையும் "வென்றவர்" கணக்கில் சேர்த்தால் அவர்கள் நீண்டகாலம் வாழாமல் என்ன செய்வார்கள்? 2006இல் வேறொரு குழு, விருது வாங்கும் வரையிலான காலத்தை "வெல்லாதவர்" கணக்கில் வைத்து மறுபடி கணக்கிட்டது. வித்தியாசம் ஏறக்குறைய ஓர் ஆண்டாகச் சுருங்கியது, அதுவும் உறுதியில்லாமல்.

மருந்து ஆய்வுகளிலும் இது நடக்கிறது. மருத்துவமனையை விட்டு வந்த மூன்று மாதத்துக்குள் மருந்து வாங்கியவர்கள் என்று ஒரு குழுவைப் பிரித்து, வெளியே வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். வாங்குவதற்குள் இறந்தவர் எந்தக் குழுவில் போய் விழுவார்? வாங்காதவர் குழுவில். மருந்துக்கு இலவசமாக நல்ல பெயர்.

நீலவானம்:

இப்போதுதான் "நபர்-ஆண்டு" என்று பாடத்தில் வருவது எதற்கு என்று புரிகிறது. ஒரே நபரின் காலத்தைப் பிரித்து இரண்டு குழுக்களுக்கும் கொடுக்கலாம், சரியா? விருதுக்கு முன் ஒரு பக்கம், பின் ஒரு பக்கம்.

எண்ணிக்கையாளர்:

மிகச் சரி. 10 பேரை ஓர் ஆண்டு பார்த்தாலும், 2 பேரை 5 ஆண்டு பார்த்தாலும் 10 நபர்-ஆண்டு. நடுவில் விலகியவரும் இருந்தவரை தன் பங்கைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சரி, காபிக்கு வருவோம். அந்தக் கட்டுரை என் முன் இல்லை, ஆனால் இந்த வகை ஆய்வில் நான் முதலில் தேடுவது "காபி குடிக்காதவர்" யார் என்பதைத்தான். இதயம் படபடக்கிறது, வயிறு எரிகிறது என்று மருத்துவர் சொல்லி நிறுத்தியவர்கள் அந்தக் குழுவில் இருந்தால், குடிக்காதவர் குழு நோயாளிகளால் நிரம்பியிருக்கும். காபி ஒன்றுமே செய்யாவிட்டாலும் குடிப்பவர்கள் நன்றாகத் தெரிவார்கள். அப்புறம் புகை: பல நாட்டுத் தரவுகளில் காபி அதிகம் குடிப்பவர்கள் அதிகம் புகைக்கவும் செய்கிறார்கள். இது எதிர்த் திசையில் இழுக்கும்.

லட்சக்கணக்கான பேர் என்பது தற்செயலால் வரும் பிழையைக் குறைக்கும், அவ்வளவே. குழுக்களைப் பிரித்ததில் சாய்வு இருந்தால், பெரிய எண்ணிக்கை அந்தச் சாய்வான விடையை இன்னும் உறுதியாகச் சொல்லும்.

கடலோடி:

யார் ஆய்வில் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் பெரிய கோஹார்ட்டான யூகே பயோபேங்க்கில் 5 லட்சம் பேர். அழைப்பு போனது 90 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, வந்தவர்கள் 5.5 சதவீதம். வந்தவர்கள் பொதுமக்களைவிடக் குறைவாகப் புகைப்பவர்கள், வசதியானவர்கள், குறைவாகச் சாகிறவர்கள். அவர்களை வைத்து எல்லோருக்கும் எப்படிச் சொல்வது?

எண்ணிக்கையாளர்:

ஒரு நோய் நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அந்தத் தரவை வைத்துச் சொல்லக் கூடாது, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒப்பிடுவது வேறு விஷயம். பிரிட்டன் மருத்துவர்களும் பொதுமக்களைப் போன்றவர்கள் அல்ல. புகை அவர்கள் நுரையீரலுக்குச் செய்தது எல்லோருடைய நுரையீரலுக்கும் பொருந்தியது.

கடலோடி:

புகையின் தாக்கம் அவ்வளவு பெரியது, அதனால் பொருந்தியது. பத்து, பதினைந்து சதவீத வித்தியாசத்துக்கு அந்தச் சலுகையைத் தர நான் தயாரில்லை. ஆரோக்கியமும் அக்கறையும்தான் ஒருவரை ஆய்வுக்குள் கொண்டுவருகிறது என்றால், உள்ளே இருப்பவர்களிடையே இல்லாத தொடர்புகூட முளைக்கும்.

எண்ணிக்கையாளர்:

சிறிய தாக்கங்களில் உங்கள் எச்சரிக்கை நியாயம்தான். அளவைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும் என்பேன், நீங்கள் இன்னும் கடுமையாக இருக்கிறீர்கள். இதில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

நீலவானம்:

கல்லூரி நூலகத்தில் மூலக் கட்டுரை கிடைத்தது. குடிக்காதவர்களில் முன்பு குடித்துப் பிறகு நிறுத்தியவர்களைத் தனியாகப் பிரிக்கவில்லை. காபி எவ்வளவு என்று சேரும்போது ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறார்கள். விட்டுப்போனவர்கள் பற்றி, சாந்தி அக்கா சொன்ன மாதிரி, எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. ஏற்கனவே நோயோடு சேர்ந்தவர்களின் தாக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாந்திமலர்:

வழிப்போக்கன் தம்பி, கணக்கை தாராளமாகப் பயன்படுத்துங்கள். நீலவானம், மரணங்களைப் பதிவேட்டோடு இணைத்துப் பார்த்தார்களா, வீட்டுக்கு அழைத்துக் கேட்டார்களா என்று பாருங்கள். பதிவேடு என்றால் நான் சொன்ன பிரச்சினை பெருமளவு குறையும்.

எண்ணிக்கையாளர்:

பின்னிணைப்பு அட்டவணைகளுக்குப் போங்கள். முதல் இரண்டு அல்லது நான்கு ஆண்டுகளில் நடந்த மரணங்களை விட்டுவிட்டு மறுபடி கணக்கிட்டிருக்கிறார்களா என்று அங்கேதான் இருக்கும். விட்ட பிறகு பலன் கணிசமாகச் சுருங்கினால், ஏற்கனவே உடம்பு சரியில்லாதவர்கள் காபியைக் குறைத்திருந்தார்கள் என்ற சந்தேகம் வலுக்கும்.

அதோடு முதன்மை அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும்: வயதுக்கு மட்டும் சரிசெய்த எண் (குழுக்களுக்கு இடையிலான வயது வேறுபாட்டைக் கணக்கில் கழித்தது) ஒன்று; புகை, படிப்பு, உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் சரிசெய்த எண் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே எண் நிறைய நகர்ந்திருந்தால், அளக்காமல் விட்டவற்றையும், புகை போல அரைகுறையாக அளந்தவற்றையும் முழுதாகச் சேர்க்க முடிந்திருந்தால் இன்னும் நகர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அந்த இரண்டு எண்களையும், புகைக்கவே புகைக்காதவர்களை மட்டும் தனியாகக் கணக்கிட்டிருந்தால் அதையும் இங்கே போடுங்கள். கடலோடியும் நானும் சேர்ந்தே பார்க்கிறோம்.